ஓசூர் வாடகை வீட்டில் ஒவ்வொரு மார்கழியிலும் சுவரில் கரும்பூஞ்சை: வீட்டுக்காரர் எதை, எப்போது செய்ய வேண்டும்?

தகடூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, தருமபுரியில் வசிக்கிறேன். ஓசூரில் எங்களுக்குக் கீழே ஒன்றும் மாடியில் இரண்டுமாக மூன்று போர்ஷன்கள் உள்ள வீடு இருக்கிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கே பெரும்பாலும் வாடகைக்கு விட்டு வருகிறோம். ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவு என்பதால் அடிக்கடி சென்று பார்க்க இயலவில்லை.

மாடியில் வடக்குப் பக்கம் உள்ள படுக்கையறையில், கார்த்திகை முடியும்போது கூரைக்குக் கீழே மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றி, மார்கழிக்குள் பாய் விரித்ததுபோல் பரவிவிடுகின்றன. அறையில் ஓத வாடை அடிக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் சிறு குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வருவதாகவும் சொல்கிறார்கள். பொங்கலுக்கு முன் பெயின்ட் அடித்துக் கொடுத்தாலும் அடுத்த மார்கழியில் அதே இடத்தில் அதே கறை வந்துவிடுகிறது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்பது குடித்தனக்காரரின் கட்சி. தளத்தில் குறையே இல்லை, அவர்கள் துணியை வீட்டுக்குள் உலர்த்துவதால்தான் இப்படி ஆகிறது என்பது கொத்தனாரின் கட்சி. ஓதம் தாங்கும் பெயின்டை இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

இதனுடன் இன்னும் சில கேள்விகளும் உண்டு. மின்கட்டணம் கூடுகிறது என்று சொல்லி, குளியலறையில் கேஸ் கீசர் பொருத்திக்கொள்ள ஒரு குடும்பம் அனுமதி கேட்கிறது, கொடுக்கலாமா? மற்றொரு போர்ஷன் தை மாதம் காலியாகிறது. பள்ளி திறக்கும் காலம் வரை புதிதாக ஆள் வராமல் போகலாம் என்பதால், பூட்டிய வீட்டை எப்படி வைத்திருப்பது? இவற்றில் எந்தச் செலவு எங்களுடையது, எது அவர்களுடையது? தருமபுரியில் மாமனார் காலத்துச் சீமை ஓட்டு வீடு ஒன்றும் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அதற்கும் ஏதேனும் செய்ய வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டுமானம் கிருஷ்ணகிரி எழுதியது:

வணக்கம் அம்மா. கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் குடித்தனக்காரரும் கொத்தனாரும் ஒருவரையொருவர் மறுத்தாலும், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க இடமுண்டு. பெயின்டர் சொல்வதை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இணையத்தில் குளிர்கால வீட்டுப் பராமரிப்பு என்று தேடினால், குழாய்க்குள் நீர் உறைந்து வெடிப்பதைப் பற்றியே முதலில் வரும். அது பனி கொட்டும் நாடுகளின் கவலை. நம் பக்கத்தில் குளிருக்குப் பேர் போன தளியில்கூட அந்தக் கவலை கிடையாது. இங்கே சிக்கல் வேறு விதமானது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை சுவரையும் தளத்தையும் நனைத்துவிடுகிறது. அவை உலர்வதற்குள் மார்கழி வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் அப்போது இரவு வெப்பம் 13, 14 டிகிரி வரை இறங்கும். காலையில் மூடுபனி விலகவே நேரமாகும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வடக்குச் சுவரில் நேர்வெயில் அறவே படாது. ஆகவே உங்கள் வீட்டில் வடக்கு அறையில் மட்டும் பூஞ்சை வருவதில் வியப்பில்லை.

சுவரில் ஈரம் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து மழைநீர் கசிந்து வருவது. மற்றொன்று, அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிவது. மூவர் உறங்கும் மூடிய அறையில் மூச்சுக்காற்றின் ஈரமே கணிசமாகச் சேரும். அதோடு வெந்நீர்க் குளியலின் ஆவியும், பக்கத்துச் சமையலறையில் சோறு கொதிக்கும் ஆவியும், கொடியில் தொங்கும் ஈரத்துணியும் சேர்ந்துகொள்கின்றன. அறைக் காற்று 24 டிகிரியில் இருந்து, அதன் ஈரப்பதம் 75 சதவீதமாகவும் இருந்தால், 19 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். ஆறு அங்குல சிமென்ட் பிளாக்கில் கட்டிய வடக்குச் சுவரின் உட்பக்கம் விடியற்காலையில் அந்த அளவுக்குக் குளிர்வது எளிது. பீரோவுக்குப் பின்னால் காற்று புழங்காததால் பூஞ்சை முதலில் அங்கேதான் குடியேறும்.

இரண்டில் எது என்று கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கறை படிந்த இடத்தைத் துடைத்து, மேற்பரப்பு உலர்ந்த பின், ஒரு சதுர அடிப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர்முத்துகள் இருந்தால் அது அறைக்குள்ளிருந்து வரும் ஈரம். தாளுக்கு அடியில், சுவர்ப்பக்கத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். கறையின் தோற்றமும் சாட்சி சொல்லும். மழைக்கசிவு பழுப்பு வளையங்களாகப் படரும். பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கும். உள்ளீரமோ வளையமின்றிக் கறுப்புப் புள்ளிகளாகவே இருக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் ஈரம் ஏறியிருந்தால் அது அடித்தளத்திலிருந்து வருவது. அது உங்கள் மாடி அறைக்குப் பொருந்தாது.

மொட்டை மாடியையும் சந்தேகத்துக்கு இடமின்றிப் பார்த்துவிட வேண்டும். மழையில்லாத ஒரு வாரத்தில் மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்துங்கள். கீழே கூரையில் புதிதாக ஈரம் தெரிந்தால் தளத்தில் வழி இருக்கிறது. என் அனுபவத்தில் நடுத்தளம் பழுதாவது குறைவு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் கால் நிற்கும் இடம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். கைப்பிடிச் சுவரின் மேல்தலையில் பூச்சு வெடித்திருந்தால், அதில் இறங்கும் நீர் சுவருக்குள்ளேயே பயணம் செய்து, வெடிப்புக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் வெளிப்படும். கொத்தனார்கள் தளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று சொல்வது இதனால்தான்.

மழைநீர்க் குழாய் ஒன்றே ஒன்று இருந்தால் இன்னொன்று வைக்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் வேப்பஞ்சருகால் ஒற்றைக் குழாய் அடைத்துக்கொண்டால் மொட்டை மாடியே குளமாகிவிடும். வறண்ட மாவட்டம் என்று நம்பிக் கட்டிய பல வீடுகள் அன்று சோதனைக்கு உள்ளாயின.

இனி, எப்போது செய்வது என்ற கேள்வி. மார்கழி பார்ப்பதற்கும் குறித்து வைப்பதற்கும் உரிய மாதம், பூசுவதற்கு உரியதன்று. நனைந்த சுவரில் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பெயின்டை உரித்துக்கொண்டு வரும். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற நம் வழக்கம் இந்த விஷயத்தில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. இப்போது கறைகளுக்குத் தேதியுடன் படம் எடுத்து வைத்து, பூஞ்சையை மட்டும் அகற்றுங்கள். பிளீச்சிங் பவுடரை நீரில் கரைத்து, தெளிந்த நீரைத் தடவிச் சற்று ஊறவிட்டுத் துடைக்கலாம். வேலை செய்பவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். குளியலறை கழுவும் ஆசிட்டை இதனுடன் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு எழும். குழந்தையை அன்று வேறு அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாசி, பங்குனியில் வெயில் ஏறிச் சுவர் நன்றாக உலர்ந்த பின் வெடிப்புகளைக் கொத்தி அடைத்து, மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இடைவெளிகளைச் சுரண்டிப் புதிதாக நிரப்பி, அதன் பிறகு நீர்த்தடுப்புக் கோட்டிங்கும் பெயின்டும் அடியுங்கள். புதிய பூச்சு வேலை செய்த இடத்தில் பெயின்ட் அடிக்கக் குறைந்தது நான்கு வாரமாவது பொறுங்கள். உள்சுவருக்கு நல்ல சுண்ணாம்பு அடித்தால் அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஆனால் இன்றைய குடித்தனக்காரர்கள் அதை விரும்புவதில்லை. கை வைத்தால் ஒட்டுகிறது என்பார்கள்.

ஓட்டு வீட்டுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. புரட்டாசிக்குள் ஆளை ஏற்றி, குரங்கும் பூனையும் நகர்த்திய ஓடுகளைச் சரிசெய்து, சருகை வழித்துவிட்டு, கைம்மரத்தில் கறையான் உண்டா என்று தட்டிப் பார்த்தால் போதும். ஓட்டு வீடு தானாகவே மூச்சு விடுவதால் பூஞ்சைத் தொல்லை அரிது.

மின்பணியாளர் ஓசூர் எழுதியது:

அம்மா, கேஸ் கீசருக்கு அனுமதி கொடுக்காதீர்கள். குளியலறைக்குள் வைப்பதாக இருந்தால், எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள். கேஸ் எரியும்போது அறையின் ஆக்சிஜன் குறைகிறது. குறைந்த ஆக்சிஜனில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிப்பவர், என்ன நடக்கிறது என்று உணரும் முன்பே மயங்கி விழுந்துவிடுவார். பெங்களூர்ப் பக்கமிருந்து குளிர்காலத்தில் இத்தகைய மரணச் செய்திகள் வந்திருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். அந்த ஃபேனைப் போட மறந்தாலோ கரண்ட் நின்றாலோ என்ன ஆகும்? வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், நிறுவனத்தின் ஆளே வந்து பொருத்துவதானால் மட்டும் யோசிக்கலாம். கரி போட்ட குமுட்டியை அறைக்குள் வைத்துக் குளிர்காய்வதும் இதே ஆபத்துதான். அதையும் குடித்தனக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

இதற்கு மாற்று, நீங்களே ஒரு மின்கீசர் வைத்துக் கொடுப்பதுதான். 15 லிட்டர் நீரை 18 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம்தான் செலவாகும். 2 கிலோவாட் கீசர் அதை இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். கட்டணம் கூடுவது, காலையில் போட்ட கீசரை அலுவலகம் போகும் வரை அணைக்காமல் விடுவதாலும், உள்ளே கம்பிச்சுருளில் உப்புப் படிந்திருப்பதாலும்தான். நம் இரு மாவட்டங்களின் போர்த் தண்ணீர் கடினநீர். ஃபுளோரைடு மிகுதியால்தான் குடிநீருக்கு ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஆனால் குளிக்கவும் துவைக்கவும் இன்னமும் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். ஆகவே ஐப்பசியில், குளிர் தொடங்கும் முன், கீசரைத் திறந்து உப்பை அகற்றி, உள்ளே அரிப்பைத் தாங்கும் மெக்னீசியத் தண்டு கரைந்திருந்தால் மாற்றி, அழுத்தம் விடுவிக்கும் வால்வு வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கீசருக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் ஆகியவை கட்டாயம் வேண்டும். பழைய வீடாக இருந்தால் மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். லோடு மீறினால் விழும் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும்; ஆர்.சி.சி.பி.தான் மனிதரைக் காப்பாற்றும். கீசர் இல்லாத வீட்டில் இரும்பு வாளியில் வாட்டர் ஹீட்டர் ராடு போட்டு, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுச் சூடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ராடு எத்தனை நல்ல நிறுவனத்துடையதாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை அதனால் தடுக்க முடியாது.

சிப்காட் குடித்தனக்காரன் எழுதியது:

வீட்டுக்காரர்கள் பேசும் இடத்தில் குடியிருப்பவன் சார்பில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். துணியை உள்ளே உலர்த்துகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேறு எங்கே உலர்த்துவது என்று யாரும் கேட்பதில்லை. ஓசூரில் நான் குடியிருந்த வீடுகள் பலவற்றில் மொட்டை மாடிக் கதவு பூட்டியே இருக்கும். சாவி கீழே வீட்டுக்காரரிடம் இருக்கும். மூன்று ஷிப்ட் வேலை பார்ப்பவர் இரவு பத்து மணிக்கு யூனிஃபார்மைத் துவைத்துவிட்டு யாரிடம் போய்ச் சாவி கேட்பது? அம்மா, உங்கள் மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். திறந்து விட்டு இரண்டு கொடிக்கம்பியும், மூடுபனி நேரத்துக்காகத் தகரக் கூரை போட்ட ஓர் ஓரமும் அமைத்துக் கொடுத்தால் அந்த அறையின் ஈரம் பாதி குறைந்துவிடும்.

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வதற்கும் இது பொருந்தும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்தால் கொசு வரும். நல்ல கொசுவலை அடித்துக் கொடுங்கள், நாங்களே திறந்து வைப்போம்.

வழக்கு வாசல் எழுதியது:

செலவு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுவேலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் நீங்கலாகக் கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களையும் மின்வயர்களையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கழிவுநீர் அடைப்பு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை மாற்றுதல், கீசர் பழுது போன்றவை வாடகைதாரரின் பக்கம் வருகின்றன. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதன்படி நடக்கலாம்.

ஆகவே உங்கள் வடக்கு அறைக் கசிவு தளத்திலிருந்தோ கைப்பிடிச் சுவரிலிருந்தோ வருவதாக இருந்தால் அது முழுக்க உங்கள் செலவு. கீசரைப் பொறுத்தவரை சட்டம் வாடகைதாரர் பக்கம் வைத்திருந்தாலும், ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனையை நீங்களே ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மேலே மின்பணியாளர் சொன்னவற்றைப் படித்த பிறகு அதைக் குடித்தனக்காரரின் நினைவாற்றலுக்கு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பூஞ்சைக் கறைக்காக அட்வான்ஸில் பிடித்தம் செய்வதற்கு முன், அது அவர்களால் வந்தது என்று உங்களால் காட்ட முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்வது நிற்காது.

பார்வையிட வருவதாக இருந்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். தருமபுரியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து விடியற்காலையில் கதவைத் தட்டுவது மரியாதையும் ஆகாது.

தகடூர் ஆசிரியை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கேஸ் கீசர் வேண்டாம் என்று சொல்லி, நாங்களே மின்கீசர் வைத்துத் தருவதாகத் தெரிவித்துவிட்டோம். மாடிச் சாவி கீழ் போர்ஷன்காரரிடம் இருந்தது. இனி மூன்று குடும்பத்துக்கும் ஆளுக்கொரு சாவி. பாலித்தீன் தாளை இரண்டு இடங்களில் ஒட்டிப் பார்த்தோம். பீரோவுக்குப் பின்னால் ஒட்டியதில் அறைப்பக்கம் நீர் நின்றது. கூரைக்குக் கீழ் மூலையில் ஒட்டியதில் தாளுக்கு அடியில் நீர் நின்றது. இரண்டும் இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது? காலியாகும் போர்ஷனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டுகிறேன்.

கட்டுமானம் கிருஷ்ணகிரி எழுதியது:

மூலையில் உள்ளது கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கும் மழைநீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்போதைக்கு மேல்தலை வெடிப்பின் மீது தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தி, இனி வரும் மழையைத் தடுத்து வையுங்கள். நிரந்தர வேலையை மாசியில் செய்யலாம். பீரோவை இன்றைக்கே சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் உட்சுவர்ப் பக்கமே மாற்றலாம். அந்த அறையில் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். குளியலறையில் ஒரு சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, குளித்து முடித்த பின்னும் கால் மணி நேரம் ஓட விட்டால் ஆவி அறைக்குள் வராது. மூலையை உலர விடாமல் இப்போதே பெயின்ட் அடிக்க யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காலி வீட்டில் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அந்தப் போர்ஷனுக்குப் போகும் கேட் வால்வை மூடுங்கள். தனித்தொட்டி இருந்தால் நீரை வடித்துக் கவிழ்த்தோ, கொசு புகாதபடி மூடியோ வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் போதும். குளியலறைத் தரையில் உள்ள ட்ராப்பில் தேங்கிய நீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கீழ் வீட்டாரிடம் சாவி கொடுத்து, அதே நாளில் வெயில் ஏறிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கீசருக்கும் மோட்டாருக்கும் உரிய சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். கீசரில் நீர் இல்லாமல் யாரும் தவறிப்போய் ஆன் செய்யாதபடி ஒரு சீட்டையும் ஒட்டிவிடுங்கள். காலியாக இருக்கும் இந்த மாதங்களில்தான் அந்த போர்ஷனின் வடக்குச் சுவரையும் வெறுமையாகப் பார்க்க முடியும். பாலித்தீன் தாளை அங்கேயும் ஒட்டிப் பார்த்துவிட்டு, மாசி வேலைக்குக் கொத்தனாரிடம் இரண்டுக்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.